குளிருக்குப் பட்டை வாசனை பெர்ஃபியூம்: கம்ராவா, ஸ்பைஸ்பாமா, ஏஞ்சல்ஸ் ஷேரா?

செந்தூல்_செல்வி:

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் பாதியில் வேலை விஷயமாக எடின்பரோவுக்கு ஆறு வாரம் போகிறேன். அந்த நேரத்தில் அங்கே பகலில் 6, 7 டிகிரி, ராத்திரியில் 1, 2 டிகிரி. நம்ம ஊர் வெயிலுக்கென்று வாங்கிய எலுமிச்சை, பூ வகையெல்லாம் அங்கே எடுபடாது என்கிறார்கள். பட்டை வாசனை தூக்கலாக, கதகதப்பாக ஒன்று வேண்டும்.

மூன்றில் வந்து நிற்கிறேன்: லத்தாஃபா கம்ரா, விக்டர் அண்ட் ரோல்ஃப் ஸ்பைஸ்பாம், கிலியன் ஏஞ்சல்ஸ் ஷேர். காகிதத்தில் முகர்ந்தால் மூன்றும் முதல் ஐந்து நிமிடம் ஏறக்குறைய ஒரே மாதிரி. எதை வைத்துப் பிரிப்பது?

பட்ஜெட் 400 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ஏஞ்சல்ஸ் ஷேர் அதற்குள் வராது என்று தெரியும். அவ்வளவு கொடுக்க அதில் விஷயம் இருக்கிறதா என்றும் சொல்லுங்கள். திரும்பி வந்த பிறகு கோலாலம்பூரில் ஆபீஸுக்குப் போட்டுப் போக முடிந்தால் நல்லது, எங்கள் மாடியில் ஏர்கோன் எப்போதும் நடுங்க வைக்கும். கழுத்துத் தோல் சட்டென்று சிவந்துவிடும் வகை. ஸ்பைஸ்பாம் ஆண்களுக்கானது என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.


பினாங்கு_அத்தர்:

தங்கச்சி, பட்டையை மட்டும் முகர்ந்து தேர்ந்தெடுக்கப் போனால் மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும். பட்டை எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்க. எந்த போத்தலாக இருந்தாலும் பட்டை முன்னால் நிற்பது முதல் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ரெண்டு. மத்தியானம் சாப்பிடப் போகும்போது உங்கள் சட்டையில் இருக்கப்போவது அடியில் உள்ள சாமான்தான். அது பிடிக்கவில்லை என்றால் மேலே எவ்வளவு நல்ல பட்டை இருந்தும் புண்ணியமில்லை.

ஸ்பைஸ்பாம் 2012-ல் வந்தது, ஒலிவியே போல்ஜ் செய்தது. திறந்ததும் இளஞ்சிவப்பு மிளகு, பம்ப்ளிமாஸ் மாதிரி ஒரு புளிப்பு. பத்து நிமிடத்தில் பட்டையும் குங்குமப்பூவும் மேலே வரும். கடைசியில் புகையிலை, தோல், வெட்டிவேர். உங்கள் மூன்றில் இனிப்பு குறைந்தது இதுதான். ‘ஆண்களுக்கு’ என்பது பெட்டியில் இருக்கும் எழுத்து, உள்ளே இருக்கும் தண்ணிக்கு அது தெரியாது. வெட்டிவேரும் புகையிலையும் உங்களுக்குப் பிடிக்குமா என்று மட்டும் பாருங்க. ஒரு எச்சரிக்கை: ஸ்பைஸ்பாம் எக்ஸ்ட்ரீம் என்று 2015-ல் வேறொன்று வந்தது, அதன் போத்தல் இருண்ட நிறம். அதில் புகையிலையும் வெனிலாவும்தான் ராஜா. அதுவும் நல்ல பெர்ஃபியூம்தான், ஆனால் பட்டையைத் தேடுகிறவர் அசலைத்தான் எடுக்கணும். கடைக்காரர் ரெண்டையும் ஒன்று என்பார், நம்பாதீங்க.

ஏஞ்சல்ஸ் ஷேர் 2020. கொன்யாக் (பிரான்ஸ் நாட்டுப் பிராந்தி), பட்டை, டொங்கா விதை, ஓக் மரம், அடியில் பிரலீனும் (கொட்டைப்பருப்பும் சர்க்கரையும் சேர்ந்த மிட்டாய் மணம்) வெனிலாவும் சந்தனமும். பீப்பாயில் கிடக்கும் சாராயத்தில் ஆவியாகிப் போகும் பங்குக்குத்தான் அந்தப் பேர். பட்டை இதில் தூள் மாதிரி தெரியாது. வெண்ணெயும் சர்க்கரையும் போட்டுச் சூடு பண்ணின ஆப்பிள் பண்டத்தின்மேல் தூவின மாதிரி இருக்கும். அழகுதான். ஆனால் காலை ஒன்பது மணி மீட்டிங்கில் பக்கத்தில் உட்காருபவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். முதல் இருபது நிமிடம் பிராந்தி வாடை அப்படியே வரும். வீட்டை விட்டுக் கிளம்ப அரை மணி முன்னாலேயே அடிச்சிடணும்.

கம்ரா 2022. பட்டை, ஜாதிக்காய், பிறகு பேரீச்சம்பழமும் பிரலீனும், அடியில் வெனிலா, சாம்பிராணி வகைப் பிசின், வெள்ளைப்போளம். ஏஞ்சல்ஸ் ஷேரைப் பார்த்துச் செய்தது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். போத்தலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உள்ளே முகர்ந்தால் கொன்யாக் இருக்க வேண்டிய இடத்தில் பேரீச்சம்பழம் இருக்கிறது. இனிப்பு மூன்றிலும் இதில்தான் அதிகம். பொதுவாக 200 வெள்ளிக்குள் 100 மில்லி கிடைக்கும். வாங்கினதும் நாலைந்து ஸ்ப்ரே வெளியே அடிச்சிட்டு, ஒரு மாதம் இருட்டு அலமாரியில் வையுங்க, நல்லா கூடி வரும்.

எடின்பரோவுக்கு மட்டும் என்றால் நான் கம்ரா என்பேன். திரும்பி வந்து கோலாலம்பூர் ஆபீஸுக்கும் வேண்டும் என்றால் ஸ்பைஸ்பாம். கம்ராவை மத்தியானம் கார் நிறுத்துமிடத்தில் முப்பத்து மூணு டிகிரியில் போட்டுக்கொண்டு நடந்தால் ஏர்கோன் மாடிக்குப் போவதற்குள் உங்களுக்கே திகட்டிவிடும்.


ரசாயனக்காரி:

பினாங்கு அண்ணன் அடித்தளத்தைச் சொல்லிவிட்டார். நான் பட்டைக்கும் குளிருக்கும் வருகிறேன், தோலுக்கும் சேர்த்து.

பட்டை எண்ணெயில் அந்தச் சூட்டைக் கொடுப்பது சின்னமால்டிஹைட் என்ற பொருள். சிலோன் பட்டை எண்ணெயில் பாதிக்கு மேல் அதுதான். கேசியா எனப்படும் தடித்த பட்டையில் இன்னும் அதிகம். நம்ம மளிகைக் கடைகளில் ‘காயு மானிஸ்’ என்று கட்டாக விற்பது பெரும்பாலும் இந்தோனேசியப் பட்டை, கேசியா குடும்பம். கெட்டியாக, ஒரே சுருளாக, உடைத்தால் மரம் மாதிரி ‘டக்’கென்று முறியும். சிலோன் பட்டை காகிதம்போல் மெல்லிய பல அடுக்குகள் சேர்ந்த சுருள், விரலிலேயே நொறுங்கும். இரண்டையும் வாங்கி வீட்டில் உடைத்து முகர்ந்து பாருங்கள், சில வெள்ளிதான் செலவு. தடித்த பட்டை நேராகச் சூடும் இனிப்புமாக வரும். மெல்லியதில் எலுமிச்சைத் தோல் மாதிரியும் கொஞ்சம் பூ மாதிரியும் ஒரு லேசு இருக்கும். எது உங்கள் மூக்குக்குச் சுகம் என்று தெரிந்தால் கடையில் பாதி வேலை முடிந்தது. முதல் வகை என்றால் உங்கள் பட்டியலே சரி. இரண்டாம் வகை என்றால் பட்டியலுக்கு வெளியே தேட வேண்டும்: ஃபிரெடெரிக் மால் மஸ்க் ராவஜூர் (2000, மோரிஸ் ருசெல்), அல்லது ஷனேல் எகோயிஸ்ட் (1990). முன்னதில் பட்டை லாவெண்டரோடும் கஸ்தூரியோடும் கரைந்திருக்கும். பின்னதில் சந்தனத்தின்மேல் நிற்கும். இனிப்பே வேண்டாம், காய்ந்த மசாலாப் பொட்டலம்போல் வேண்டும் என்றால் தீப்தீக் லோ. 1968-ல் அந்த நிறுவனம் கொண்டுவந்த முதல் வாசனை அது. பட்டை, கிராம்பு, ரோஜா முன்னால் நிற்கும். 400 வெள்ளியில் இவை அடங்காது. டிகாண்டாகத்தான் (பெரிய போத்தலிலிருந்து சின்னக் குழாயில் பிரித்து விற்பது) பார்க்க வேண்டும்.

சின்னமால்டிஹைட் தோலை உறுத்தும் பொருள். சிலருக்கு ஒவ்வாமையே வந்துவிடும், ஒருமுறை வந்தால் போகாது. அதனால் சர்வதேச வாசனைப் பொருள் சங்கமான இஃப்ரா அதன் அளவுக்குக் கடுமையான வரம்பு வைத்திருக்கிறது. பட்டை மணம் ஏன் இரண்டு மணி நேரத்தில் பின்வாங்குகிறது என்று பலர் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்: தாராளமாகப் போட விடமாட்டார்கள்.

உங்கள் கழுத்து விஷயத்தில் பெட்டியின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். ஐரோப்பிய விதிப்படி, கழுவாமல் தோலில் விடும் பொருளில் சின்னமால் (சின்னமால்டிஹைட்டுக்குப் பெட்டியில் போடும் பெயர்) 0.001 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெயரைப் போட்டாக வேண்டும். யூஜெனால் (கிராம்பில் இருப்பது, பட்டை இலை எண்ணெயில் பெரும்பகுதி), சின்னமைல் ஆல்கஹால், கூமரின் எல்லாவற்றுக்கும் இதே விதி. ஆரம்பத்தில் 26 பொருள்களுக்கு இருந்த இந்தக் கட்டாயத்தை 2023-ல் 80-க்கு மேல் நீட்டினார்கள். ஆக, ‘பட்டை’ என்று விளம்பரத்தில் இருந்து பெட்டியில் சின்னமால் என்ற சொல் இல்லாவிட்டால், வேறு பொருள்களை வைத்துப் பட்டையின் சாயலை வரவழைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உங்களைப் போன்ற தோலுக்கு அது நல்ல செய்தி. மருத்துவமனைகளில் தோல் ஒட்டுச் சோதனைக்கு வைக்கும் வாசனைக் கலவையில் இருக்கும் எட்டுப் பொருள்களில் சின்னமாலும் சின்னமைல் ஆல்கஹாலும் உண்டு. சிவப்பது ஒரு வாசனையோடு நிற்காமல் எதைப் போட்டாலும் வருகிறது என்றால் தோல் மருத்துவரிடம் அந்தச் சோதனையைக் கேளுங்கள்.

வீட்டில் பார்க்க: முழங்கை உள்மடிப்பில் ஒரு ஸ்ப்ரே, இரண்டு நாள் தொடர்ந்து, அதே இடத்தில். ஒவ்வாமைச் சிவப்பு உடனே வராது, 24 முதல் 72 மணி நேரம் கழித்துக்கூட வரும். அரை மணியில் ஒன்றும் ஆகவில்லை என்று கழுத்தில் அடித்துவிடாதீர்கள்.

இனி குளிர். வாசனை என்பது ஆவியாகி மூக்குக்கு வந்தால்தான் வாசனை. தோல் குளிர்ந்தால் ஆவியாவது குறையும், கனமான வெனிலா, பிசின், புகையிலை எல்லாம் ஏறக்குறைய ஊமையாகிவிடும். போதாக்குறைக்கு காய்ந்த குளிர்காற்றில் மூக்கும் சரியாக வேலை செய்யாது. இங்கேதான் முதல் தடவை போகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தெருவில் நின்று முகர்ந்தால் ஒன்றும் தெரியவில்லை என்று ஏழெட்டு ஸ்ப்ரே அடிப்பார்கள். டிராமுக்குள் ஏறுவார்கள், அங்கே ஹீட்டர் ஓடும், கோட்டைத் திறப்பார்கள். இவ்வளவு நேரம் துணிக்குள் சூடாக அடைபட்டிருந்தது மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வரும். பக்கத்து இருக்கைக்காரர் பாவம். எண்ணிக்கையை வெளியே இருக்கும் குளிரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உள்ளே இருக்கும் ஹீட்டரைப் பார்த்துச் செய்யுங்கள். கம்ரா, ஏஞ்சல்ஸ் ஷேர் என்றால் இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஸ்பைஸ்பாம் ஓ டி டுவாலெட் (செறிவு குறைந்த வகை) என்பதால் நான்கு போகலாம்.

இடம்: மணிக்கட்டு வேண்டாம். அங்கே மணிக்கட்டுதான் முதலில் சில்லிட்டுப் போகும், கையுறையும் உரசும். நெஞ்சில், உள்சட்டைக்கு அடியில் அடியுங்கள். மூடிய உடம்புச் சூடு அப்படியே இருக்கும், வாசனை காலர் வழியாக மெல்ல ஏறும். ஹீட்டர் காற்றில் தோல் வறண்டுபோகும், வறண்ட தோலில் வாசனை நிற்காது. குளித்ததும் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவி, ஐந்து நிமிடம் விட்டு அடிக்கலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதன் மணம் பட்டையோடு சேர்ந்தால் பலகாரக் கடை ஆகிவிடும்.


கிள்ளான்_காற்று:

நல்ல பதில்கள். ஒரே ஒரு இடத்தில் பினாங்கு அண்ணனோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

கம்ராவை ஒரு மாதம் அலமாரியில் ஊற வைக்கணும் என்பது மூணு வருஷமாக எல்லாரும் சொல்லும் கதை. ஆல்கஹாலில் ஊற வைக்கும் வேலை போத்தலில் ஊற்றுவதற்கு முன்பே முடிந்துவிடும். நாலு ஸ்ப்ரே வெளியே அடித்தால் அதனால் உள்ளே போகும் காற்று என்ன பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும்? ஒரு மாதம் கழித்து நன்றாகத் தெரிவதற்கு மூக்கு பழகியதும் ஒரு காரணம். முதல் ரெண்டு ஸ்ப்ரேயில் குழாயில் நின்ற காற்றும் சேர்ந்து வரும், அதை வைத்து முடிவு செய்யாதீங்க என்றால் சரி. நிறம் கறுப்பது வேறு விஷயம். வெனிலின் உள்ள எந்தப் பெர்ஃபியூமும் நாளாக ஆகக் காப்பி நிறத்துக்குப் போகும். கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போடவேண்டாம், வீரியம் ஏறிடுச்சு என்று சந்தோஷப்படவும் வேண்டாம். நம்ம ஊரில் உண்மையில் கெடுப்பது சூடு. கார் டேஷ்போர்டில் விட்டால் சீக்கிரமே மேல்வாசனை போய்விடும். குளியலறையும் வேண்டாம். பெட்டியோடு துணி அலமாரியில் வைத்தால் போதும்.

அந்த நிறத்தால் ஒரு உபத்திரவம் உண்டு. கம்ராவும் ஏஞ்சல்ஸ் ஷேரும் பழுப்புத் தண்ணி. வெள்ளைச் சட்டையில் கிட்டத்தில் வைத்து அடித்தால் மஞ்சள் வட்டம் விழும். பட்டுப்புடவையில் அடிக்கவே கூடாது. ஆல்கஹால் சாயத்தையும் சரிகையையும் கெடுக்கும். கம்பளி வாசனையை நாள்கணக்கில் பிடித்து வைக்கும், அதனால் தினமும் அதே மப்ளரில் அடித்தால் மூணாம் நாள் மூணு நாள் வாசனையும் சேர்ந்து வரும். அதுவும் உங்கள் கழுத்துக்கு மப்ளர் ஆகவே ஆகாது. நனைந்த கம்பளி நாள் முழுக்கக் கழுத்தில் உரசிக்கொண்டிருக்கும். துணியில்தான் வேண்டும் என்றால் கோட்டின் உள்துணியில், முதுகுப் பக்கம், ஒரு முழத் தூரத்தில் இருந்து ஒரே ஒரு ஸ்ப்ரே. முதலில் தையலோரமாகச் சோதித்துப் பார்த்துவிட்டு.

இப்போ தேர்வுக்கு வருவோம். கோலாலம்பூரில் இருந்துகொண்டு குளிருக்கு எப்படிச் சோதிப்பது என்று யாரும் சொல்லவில்லை. பேரங்காடியில் காகிதத்தில் முகர்ந்து வாங்குவதுதான் பணம் வீணாகும் வழி. காகிதத்துக்குச் சூடு இல்லை, மேல்வாசனை மட்டும்தான் சுத்தமாகத் தெரியும். காகிதத்தை வேண்டாததைக் கழிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூணுக்கு மேல் வேண்டாம், பட்டை மூக்கைச் சீக்கிரம் மரத்துப்போகச் செய்யும். காப்பிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்று கடையில் நீட்டுவார்கள். அதைவிட உங்கள் சொந்தச் சட்டைக் கையை முகர்ந்தால் போதும். ஒவ்வொரு காகிதத்திலும் பெயரையும் நேரத்தையும் பேனாவால் எழுதுங்கள். எழுதாமல் பைக்குள் போட்டால் வீட்டில் எது எது என்று தெரியாது, மூணும் ஒன்றோடொன்று ஒட்டி நாலாவது வாசனை ஒன்று வந்திருக்கும்.

அடுத்து தோலில், ஒரு கைக்கு ஒன்று, முழங்கை மடிப்பில். நீளக்கைச் சட்டை போட்டு, ஏர்கோனை 18-ல் வைத்த அறையில் ரெண்டு மணி நேரம் உட்காருங்கள். சினிமா கொட்டகையும் சரிதான், படம் எது ஓடினாலும் குளிருக்குப் பஞ்சமில்லை. நாலாவது மணி நேரத்தில் இருப்பதுதான் நீங்கள் பணம் கொடுத்து வாங்கும் வாசனை. பிறகு வெளியே வெயிலில் பத்து நிமிடம் நடந்து பாருங்கள், ஹீட்டர் ஓடும் ரயிலில் எப்படி இருக்கும் என்பதற்கு அது கிட்டத்தட்டச் சரியான பரீட்சை. இன்னும் உறுதி வேண்டும் என்றால் கெந்திங்கிலோ கேமரன் மலையிலோ ஒரு ராத்திரி. ஆனால் அங்கே 15 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், எடின்பரோவுக்கு அது வசந்த காலம்.

காசுக் கணக்கு ஒன்று. முழு அளவு போத்தலில் ஒரு ஸ்ப்ரே சுமார் 0.1 மில்லி. ஆறு வாரம் 42 நாள், தினம் மூணு ஸ்ப்ரே என்றால் 126 ஸ்ப்ரே, 13 மில்லிக்கும் குறைவு. 100 மில்லி போத்தலைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. ஏஞ்சல்ஸ் ஷேர் 50 மில்லியே ஆயிரம் வெள்ளியைத் தாண்டும்; அதாவது மில்லிக்கு 20 வெள்ளிக்கு மேல். 10 மில்லி டிகாண்ட் வாங்கினால் 200-க்கு மேல் ஆகும், உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்கும். அதையே இணையத்தில் யாராவது 80 வெள்ளிக்குக் கொடுக்கிறேன் என்றால் அது என்ன தண்ணி என்று அவருக்கே தெரியாது.

முழு போத்தல் என்றால் பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணும் போத்தல் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். மலேசியாவில் முறையாக விற்கும் அழகுப் பொருளுக்குச் சுகாதார அமைச்சின் என்.பி.ஆர்.ஏ.-வில் அறிவிப்பு எண் இருக்கணும், NOT என்று தொடங்கி K என்று முடியும். அவர்கள் தளத்திலேயே பெயரைப் போட்டுத் தேடலாம்.

என் கணக்குப்படி: கம்ரா முழு போத்தல், ஸ்பைஸ்பாம் 10 மில்லி டிகாண்ட். ரெண்டும் சேர்ந்து 400-க்குள். ஏஞ்சல்ஸ் ஷேரில் விஷயம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது, வழுவழுப்பும் ஓக் மரமும் கம்ராவில் வராது. ஆனால் மில்லிக்குப் பத்து மடங்கு கொடுக்கிற அளவுக்கு விஷயம் இல்லை.


செந்தூல்_செல்வி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உடைத்துப் பார்த்தேன், எனக்குத் தடித்த பட்டைதான் பிடித்திருக்கிறது, ஆகப் பட்டியலை மாற்றவில்லை. கம்ரா பெட்டியில் ரசாயனக்காரி அக்கா சொன்ன பொடி எழுத்தை வாங்கும்போது படிக்கிறேன்.

இன்னொரு கேள்வி. மஸ்ஜித் இந்தியா பக்கம் அத்தர் கடைகளில் வெனிலா அத்தர் மலிவாகக் கிடைக்கிறது. அதில் கேக் செய்யும் கடையில் விற்கும் பட்டை எசென்ஸையோ, இல்லை சுத்தமான பட்டை எண்ணெயையோ ரெண்டு மூன்று சொட்டு விட்டுக் கலந்தால் என்ன? பட்டை நீண்ட நேரம் நிற்கும் அல்லவா? ஸ்பைஸ்பாமை விமானத்தில் கையில் எடுத்துப் போகலாமா என்றும் தெரிய வேண்டும்.


ரசாயனக்காரி:

வேண்டாம். கணக்கைப் பாருங்கள், உங்களுக்கே புரியும்.

பட்டைத்தோல் எண்ணெயைத் தோலில் போட நறுமண எண்ணெய்ப் பாதுகாப்பு நூல்கள் சொல்லும் உச்ச அளவு 0.07 சதவீதம். 10 மில்லி அத்தரில் அது 0.007 மில்லி. ஒரு சொட்டு என்பது சுமார் 0.05 மில்லி. ஆக நீங்கள் விடும் முதல் சொட்டே வரம்பைப்போல் ஏழு மடங்கு. மூன்று சொட்டு என்றால் இருபத்தொரு மடங்கு. சாதாரணத் தோலே எரியும், சிவக்கும் கழுத்துக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதுவும் அத்தர் எண்ணெய். ஆல்கஹால்போல் பறந்து போகாமல் அதே இடத்தில் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும்.

கேக் எசென்ஸ் கதை வேறு. அது பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்காலில் கரைத்தது, எண்ணெயோடு சேராது. அத்தர் கலங்கும், அடியில் தனியாகத் தங்கும், குலுக்கி அடிக்கும்போது சில நாள் வெறும் வெனிலா, சில நாள் மொத்தப் பட்டையும் ஒரே துளியில்.

பட்டை நீள வேண்டும் என்றால் கலப்பதற்குப் பதில் அடுக்கலாம். வெனிலா அத்தரை ஒரு சின்னத் தொடுகையாக நெஞ்சில் வைத்து, அதற்கு மேலே ஸ்பைஸ்பாம் ஒரு ஸ்ப்ரே. எண்ணெய் மேலே விழுந்ததைக் கொஞ்சம் பிடித்து வைத்துக் கொள்ளும். இல்லை, 5 மில்லி டிகாண்டைப் பையில் வைத்து மத்தியானம் மறுபடி ஒன்று அடியுங்கள், அதுதான் எல்லாவற்றிலும் சுலபம்.


ஜெலுத்தோங்_பயணி:

விமானத்துக்கு நான் சொல்கிறேன். கைப்பையில் போகும் எந்தத் திரவமும் 100 மில்லிக்கு மேல் உள்ள போத்தலில் இருக்கக் கூடாது, எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் தெளிவான பைக்குள் அடங்கணும். சில விமான நிலையங்களில் இப்போ தளர்த்தியிருக்கிறார்கள், ஆனால் இடையில் விமானம் மாறும் இடத்தில் பழைய விதி இருந்தால் அங்கே பிடிபடுவீர்கள். 100 மில்லி கம்ரா அளவில் தப்பிக்கும். போத்தல் கனமான கண்ணாடி, அதனால் செக்-இன் பையில் போடுவது உத்தமம். அங்கே ஒரு போத்தல் அரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது, தலைமுடி ஸ்ப்ரே எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு ரெண்டு லிட்டர். யாருக்கும் அவ்வளவு ஆகாது.

ஸ்பைஸ்பாமில்தான் சிக்கல். அந்த போத்தல் கையெறிகுண்டு வடிவம், மேலே இழுக்கிற ஊசி மாதிரியே ஒன்று வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் பார்ப்பவருக்கு அது பெர்ஃபியூம் என்று தெரிவதற்கு முன் குண்டு என்றுதான் தெரியும். ஆயுத வடிவப் பொருள்களைக் கைப்பையில் விடாத நாடுகளில் பிடுங்கிக்கொள்வார்கள், விளக்கம் சொல்லிப் பயனில்லை. கிள்ளான்காரர் சொன்ன 10 மில்லி டிகாண்ட் எடுத்தால் இந்தத் தலைவலியே கிடையாது. டிகாண்ட் வாங்கும்போது கண்ணாடிக் குழாய், இறுக்கி நெரித்து மூடிய தலை உள்ளதாகக் கேளுங்கள்; திருகு மூடி பிளாஸ்டிக் குழாய்கள் மேலே காற்றழுத்தம் குறையும்போது கசியும். விளிம்புவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடச் சொல்லுங்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, சின்ன ஜிப் பையில் போட்டு, காலுறைக்குள் செருகி வையுங்கள். கசிந்தாலும் காலுறைதான் மணக்கும், கம்பளிச் சட்டை தப்பிக்கும்.


பினாங்கு_அத்தர்:

கிள்ளான் தம்பி, ஊற வைப்பதைப் பற்றி நீங்க சொல்வது இருக்கட்டும். டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கு, அந்தத் தங்கச்சி எப்படியும் வாங்கி அலமாரியில்தானே வைக்கப்போகுது.

செல்வி, கடைக்குப் போகும்போது கம்ரா கவா என்று இன்னொன்றையும் காட்டுவாங்க. அது 2023-ல் வந்தது, காப்பிக்கொட்டையும் ஏலக்காயும் சேர்த்த தம்பி. பட்டை அதில் பின்னால் போய்விடும். பெட்டியில் வெறும் கம்ரா என்று மட்டும் போட்டிருப்பதை எடுங்க. முழங்கைச் சோதனையை வாங்குவதற்கு முன்னாலேயே முடிச்சிடுங்க; திறந்த போத்தலை எந்தக் கடையும் திரும்ப வாங்காது, அதனால் முதலில் டெஸ்டரிலிருந்து ஒரு ஸ்ப்ரே கேளுங்க, மூணு நாள் கழிச்சு மறுபடி போய் வாங்குங்க.